என்ஜின் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

எங்கள் வீட்டில் ஓர் அம்பாசடர் நிற்கிறது. 1984-ஆம் ஆண்டின் மார்க் 4, பெட்ரோல் வண்டி. அப்பா காலத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே ஓடியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், வில்லுக்குறி தாண்டி வரும்போது முன்னாலிருந்து 'டொக் டொக் டொக்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். பானட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, "பேரிங் போய்விட்டது, என்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை, அந்த வண்டியை விற்றால் கிடைக்கும் விலையில் பாதிக்கு வந்தது.

அன்று இரவே சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் இளவயதில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, "மக்களே, இறக்குவதற்கு முன் எண்ணிப் பார்த்தாயா?" என்றார். சத்தத்தை எப்படி எண்ணுவது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு, பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் கற்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களும் இதைக் கற்கலாம்.

என்ஜினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் ஒருமுறை இறங்கிப் பெட்ரோல் கலந்த காற்றை இழுக்கிறது. ஏறி அதை நெருக்குகிறது. தீப்பொறி பட்டு எரிந்த வேகத்தில் மீண்டும் இறங்குகிறது. மறுபடி ஏறிப் புகையை வெளியே தள்ளுகிறது. இரண்டு இறக்கம், இரண்டு ஏற்றம். இந்த ஒரு வட்டம் முடிவதற்குள் பிஸ்டனோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றிவிடும். ஆனால் காற்றுக்கும் புகைக்கும் வழியைத் திறந்து மூடும் ஒவ்வொரு வால்வும் அதே நேரத்தில் ஒருமுறை திறந்து மூடினால் போதும். அதனால் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கிராங்க் முனையில் இருக்கும் பற்சக்கரத்தைப்போல் இரண்டு மடங்கு பற்கள் கொண்ட சக்கரம் கேம் முனையில் இருக்கும். இரண்டையும் டைமிங் செயின் சேர்த்துக் கட்டியிருக்கும்.

ஆகவே ஒரே என்ஜினுக்குள் இரண்டு தாளங்கள் ஓடுகின்றன. கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிறவை முழு வேகத்தில் சத்தம் போடும். கேம், அதன் அசைவை மேலே கொண்டுபோகும் புஷ் ராட், வால்வை அழுத்தும் ராக்கர், வால்வு ஆகியவை பாதி வேகத்தில் சத்தம் போடும். அம்பாசடரின் 1489 சிசி என்ஜின், பிரீமியர் பத்மினியின் 1089 சிசி என்ஜின், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சிசி என்ஜின் மூன்றுமே நான்கு சிலிண்டரும் புஷ் ராடும் கொண்டவை. மூன்றுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

நம் குமரி மாவட்டத்தில் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்குகின்றன, குடம் அடியில் கும்மென்று ஒலிக்கிறது, உடுக்கை நடுவில் பேசுகிறது, ஜால்ரா மேலே சிணுங்குகிறது. எல்லாம் ஒரே பாட்டுதான். ஆனாலும் குடத்தை மட்டும் கேட்க வேண்டும் என்று காதைத் திருப்பினால் குடம் தனியாகக் கேட்கும். என்ஜின் முன்னால் நிற்கும்போதும் அப்படியே செய்ய வேண்டும். மொத்த இரைச்சலை விட்டுவிட்டு, சந்தேகப்படும் ஓர் ஒலியை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு அதன் அடியை எண்ண வேண்டும்.

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராங்க் வேகத்தில் வரும் சத்தம் நொடிக்குப் பதின்மூன்று முறை விழும். அவ்வளவு அடுத்தடுத்து வருவதால் தனித்தனி அடியாகப் பிரிக்க முடியாமல் கடகடவென்று ஒட்டிக்கொண்டு கேட்கும். கேம் வேகத்தில் வருவது நொடிக்கு ஏழுக்கும் குறைவு. அதை விரலால் மேசையில் தட்டித் தொடர முடியும். கார்புரேட்டரின் ஐட்லிங் திருகைத் தளர்த்தி வேகத்தை 600-க்கு இறக்கினால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். காது பழகாதவர்கள் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கலாம். பட்டறைகளில் டைமிங் லைட் என்ற மின்னும் விளக்கு இருக்கும். அதை முதல் சிலிண்டரில் தீப்பொறி தரும் பிளக்கின் ஒயரில் மாட்டினால், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒருமுறை மின்னும். ஒரு மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் பாதி வேகம். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டு என்றால் முழு வேகம். இதைவிட நேரான சோதனையை நான் பார்த்ததில்லை.

பாதி வேகத்தில், மேல் பக்கமிருந்து, 'டிக் டிக்' என்று மெல்லிய உலோகத் தட்டலாக வந்தால் பெரும்பாலும் டேப்பட். ராக்கரின் நுனிக்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி வேண்டும்; சூட்டில் உலோகம் நீளும்போது அதற்கு இடம் தேவை. அந்த இடைவெளி கூடிவிட்டால் ராக்கர் வந்து வால்வைத் தட்டும். அம்பாசடரின் இந்த என்ஜின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு வழக்கமான இடைவெளி 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். எந்த டேப்பட் என்று கண்டுபிடிக்க, ராக்கர் மூடியைக் கழற்றி, மெதுவான ஐட்லிங்கில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகட்டை ஒவ்வொரு இடைவெளியிலும் நுழைத்துப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் நுழைத்ததும் தட்டல் அடங்குகிறதோ அதுதான் காரணம். எண்ணெய் தெறிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சரிசெய்வதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. வால்வுகளை முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. திறந்திருப்பதும் சரிசெய்ய வேண்டியதும் சேர்ந்தால் எப்போதும் ஒன்பது. சித்தப்பா எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை இது. நான்கு சிலிண்டர்களும் எப்படி ஒன்றையொன்று பார்த்து நடக்கின்றன என்பது அந்த ஒரு காலைப்பொழுதில் எனக்கு விளங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. டேப்பட் சத்தமே இருக்கக் கூடாது என்று இடைவெளியை இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. இடைவெளி போதாவிட்டால் சூட்டில் வால்வு முழுவதும் மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கு வழியாகக் கசிந்து வால்வின் விளிம்பைச் சுட்டுவிடும். லேசாகத் தட்டும் டேப்பட்டோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். சத்தமே இல்லாமல் இறுகிய டேப்பட் சில மாதங்களில் செலவு வைக்கும்.

பாதி வேகத்தில் தட்டுகிற வேறொன்றும் உண்டு. கேமின் ஒரு மேடு பெட்ரோல் பம்ப்பின் கையை அழுத்தி இயக்குகிறது. அந்தக் கை தேய்ந்தால் டேப்பட் போலவே தட்டும், ஆனால் கீழே, பக்கவாட்டில் கேட்கும். டேப்பட்டை மூன்றுமுறை செட் செய்தும் சத்தம் போகவில்லை என்பவர்கள் பம்ப்பைத் தொட்டுப் பார்க்கட்டும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தாலும், பிளக் சரியாக இறுகாவிட்டாலும் 'டிஸ் டிஸ்' என்று ஏறத்தாழ இதே சத்தம்தான் வரும். குளிர்ந்த என்ஜினில் அதிகமாகவும், சூடேறி உலோகம் விரிந்தபின் குறைந்தும் கேட்டால் முதலில் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று சைலன்சர் குழாயையும் அதன் இணைப்புகளையும் தின்றுவிடும். அந்த ஓட்டை வழியாக வரும் சத்தத்தைக் கேட்டு என்ஜினுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாது. ஒரு சிலிண்டரில் எரிதல் நடப்பது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. எனவே பிஸ்டன் பக்கத்துச் சத்தமும் சில நேரம் அந்த வெடிப்பின்போது மட்டும் பலமாக விழுந்து பாதி வேகம்போல ஏமாற்றும். அதற்காகத்தான் இரண்டாவது கேள்வி: பாரத்தை எடுத்தால் சத்தம் மாறுகிறதா?

இதற்குப் பட்டறைகளில் செய்வது பிளக் சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை என்ஜின் உடம்போடு தொடும்படி வைத்துவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்வார்கள். அந்தச் சிலிண்டரில் தீ இல்லை. அதன் பிஸ்டன் சும்மா ஏறி இறங்கும். அப்போது சத்தம் சட்டென்று குறைந்தால், குறை அந்தச் சிலிண்டரின் பிஸ்டனிலோ அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலோ இருக்கிறது. டேப்பட் சத்தம் இதற்கெல்லாம் மசியாது, முன்போலவே தட்டிக்கொண்டிருக்கும். சோதனையைச் சில நொடிகளில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது. ஓடும் என்ஜினில் ஒயரை வெறுங்கையால் பிடுங்கும் துணிச்சல் வேண்டவே வேண்டாம். இது பாயின்ட்டும் காயிலும் கொண்டு தீப்பொறி தரும் பழைய வண்டிகளுக்கான முறை. இன்றைய மின்னணு வண்டிகளில் செய்யக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல ஒலித்து, சில நிமிடங்களில் சூடேறியதும் மறைந்துவிட்டால், அது பெரும்பாலும் தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் பக்கவாட்டில் ஆடுவது. பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி அடைகிறது, சத்தம் போகிறது. என்ஜினுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். உடனடி ஆபத்து இல்லை. எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஓட்டலாம்.

கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங் போன சத்தம் வேறு வகை. சுத்தியலின் தலைப்பகுதியால் கனமான இரும்பைத் தட்டுவதுபோல இருக்கும். நியூட்ரலில் வேகத்தை நடுத்தரமாக ஏற்றி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், வேகம் இறங்கும் அந்தக் கணத்தில் 'டக டக டக' என்று தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். என்ஜின் சூடாகி எண்ணெய் இளகியபின் அதிகமாகும். கிராங்கையே தாங்கும் மெயின் பேரிங் என்றால் இன்னும் ஆழம். காதில் கேட்பதைவிடக் காலடித் தகட்டில் உணர முடியும், பாரம் இழுக்கும்போது கூடும், எண்ணெய் அழுத்தமும் விழுந்திருக்கும். ஒற்றைப் பிளக்கை வெட்டிப் பார்ப்பதால் மெயின் பேரிங் சத்தம் அவ்வளவாக மாறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த இரண்டில் எதுவாக இருக்கும் என்று தோன்றினாலும் என்ஜினை அணைத்துவிடுங்கள். மார்த்தாண்டத்தில் தொடங்கிய சத்தத்தோடு, எப்படியாவது நாகர்கோவில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சுமார் 30 கிலோமீட்டர் ஓட்டி வந்தால், பேரிங் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை கிராங்கைக் கடைசலுக்கு அனுப்பும் வேலையாகிவிடும். ராட் உடைந்தால் பிளாக்கையே துளைத்துவிடும். பழைய என்ஜின் பிளாக்குகள் இனி வார்க்கப்படப்போவதில்லை. கட்டி இழுத்து வரும் செலவைப் பார்க்காதீர்கள்.

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்கு ஏறும்போது மட்டும், டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம் வருகிறதா? சமதரையில் வருவதில்லையா? அது பிங்கிங். பெட்ரோல் கலவை ஒழுங்காக எரியாமல், ஒரு பகுதி தானாகவே வெடிப்பதால் வரும் அதிர்வு. தீப்பொறி முன்கூட்டியே விழுவது, சிலிண்டர் தலையில் கரி படிந்திருப்பது, என்ஜினுக்குப் போதாத ஆக்டேன் பெட்ரோல், உயர்ந்த கியரில் இழுக்க வைப்பது எல்லாமே காரணமாகலாம். முதலில் கியரைக் குறையுங்கள். தொடர்ந்தால் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரைச் சிறிது திருப்பி டைமிங்கைப் பின்னுக்கு வைக்க வேண்டும். வாரக்கணக்கில் அலட்சியம் செய்தால் பிஸ்டன் தலை கருகும்.

எங்கள் வண்டிக்கு வருகிறேன். சித்தப்பா வந்து ஐட்லிங்கை இறக்கிவிட்டுக் கேட்டார். சத்தம் கிராங்க் வேகத்தில்தான் இருந்தது. டேப்பட் இல்லை என்பது உறுதியாயிற்று. பட்டறையில் சொன்னதும் ஒருவகையில் நியாயமாகத் தோன்றியது. ஆனால் நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தும் சத்தத்தில் மாற்றமே இல்லை. அப்படியானால் பிக் எண்ட் இல்லை. மெயின் பேரிங்காக இருக்குமோ என்று பிரஷர் மீட்டர் மாட்டினார். எண்ணெய் அழுத்தம் சரியாக இருந்தது. என்னை ஓட்டச்சொல்லி ஏற்றத்தில் இழுக்க வைத்தார், சத்தம் கூடவில்லை. கிராங்க் வேகத்தில் தட்டுகிறது, ஆனால் பாரத்துக்கு அசையவில்லை. "அப்படியென்றால் கிராங்கோடு சேர்ந்து சுற்றுவதுதான், பாரம் தாங்காதது" என்றார் சித்தப்பா. என்ஜினை அணைத்துவிட்டு முன்பக்கம் குனிந்து, ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பிடித்து ஆட்டினார். ஆடியது. கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்வதற்காக முன்னால் இருக்கும் பெரிய நட்டு தளர்ந்து, உள்ளே புல்லியைப் பிடித்திருந்த கீ என்ற சிறு இரும்புத் துண்டு தேய்ந்திருந்தது. புதிய கீயும் பூட்டு வாஷரும் போட்டு நட்டை இறுக்கினோம். சத்தம் நின்றது. என்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் பட்டறையில் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கேட்டார்கள், சோதிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் பழைய வண்டிக்காரர்களின் பணம் போகிறது.

என்ஜினுக்கு வெளியே இருப்பவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மழைக்காலக் காலையில் 'கீச்' என்று கத்தினால் ஃபேன் பெல்ட். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஈரப் பெல்ட் பழகிய ஒலிதான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் என்ஜினை ஓட்டிப் பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தும் அப்போது சத்தம் நின்றால் தண்ணீர் பம்ப் அல்லது டைனமோவின் பேரிங். அணைத்த என்ஜினில் ஃபேன் இறக்கையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் பம்ப்பின் தேய்மானம் கையில் தெரியும். கிளட்சை மிதித்தால் மட்டும் கரகரவென்றால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் அடங்கினால் கியர்பாக்ஸ் முன் பேரிங்கைப் பாருங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதற்கு நீளமான திருப்புளி ஒன்று போதும். நுனியை என்ஜினில் சந்தேகப்படும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்துங்கள். உள்ளே நடப்பது காதருகே வந்துவிடும். ஒரு முழம் ரப்பர் குழாயும் பயன்படும். காற்றுக் கசிவுக்கு அது திருப்புளியைவிட நல்லது. வேட்டி, துண்டு, சட்டைக் கை எதுவும் ஃபேனுக்கு அருகே தொங்கக் கூடாது. ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு இன்னொரு வழி: கண்ணாடியை இறக்கிவிட்டு ஓர் உயர்ந்த சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பிக் காதுக்கு அனுப்பும். பத்மநாபபுரம் கோட்டைச் சுவரை ஒட்டி நாங்கள் இப்படி ஓட்டிப் பார்த்திருக்கிறோம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் முயல வேண்டாம். அந்தக் காற்றில் ஒன்றும் கேட்காது.

வண்டியில் ஒரு சிறிய நோட்டு வைத்திருக்கிறேன். சத்தம் எப்போது வந்தது, குளிரிலா சூட்டிலா, எத்தனை வேகத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா, பாதித் தாளமா முழுத் தாளமா என்று எழுதிவிடுவேன். மெக்கானிக்கிடம் போகும்போது கைபேசிப் பதிவோடு அதையும் காட்டுவேன். போன வாரம் எழுதியது: காலை முதல் ஸ்டார்ட்டில் முன் மூடிக்குள் சலசலப்பு, ஆக்சிலரேட்டரை விடும்போது அதிகம், பிளக் கழற்றினால் மாற்றமில்லை. டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது மூடியைத் திறந்து பார்க்கப்போகிறோம்.